வாயிலில் கேட்கும் பெயர்

இலக்கணம் கற்றோர் 'வாயில்' என்னும் சொல்லை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பர். 'இல்வாய்' என்று நிற்க வேண்டிய சொல் முன்பின்னாக மாறி 'வாயில்' என்று வழங்கலாயிற்று. வீட்டிற்கு வாய் உண்டு என்று கருதிய நம் முன்னோர், அவ்வாய் பேசும் என்றும் கருதினர் போலும். 'வருக' என்பது அவ்வாய் பேசும் ஒரு சொல். 'நில்' என்பது மற்றொரு சொல். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. 'நீ யார்?' என்பதே அது.

அகப்பொருள் இலக்கணத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவனுக்காகப் பேச வரும் பாணன், தோழி முதலியோரும் 'வாயில்கள்' என்றே பெயர் பெறுவர். தலைவி உடன்பட்டால் அது வாயில் நேர்தல். உடன்படாவிடில் வாயில் மறுத்தல். தன் வீட்டு வாயிலைத் திறப்பதும் திறவாதிருப்பதும் அவளுடைய உரிமை. தலைவன் பெருநிலக் கிழவனேயாயினும் அவ்வுரிமையைப் பறிக்க இயலாது. இந்தச் சிறிய இலக்கணச் செய்தியில் ஒரு பெரிய அறம் பொதிந்துள்ளது. ஒருவர் வாயிலைத் திறக்குமாறு மற்றவர் வேண்டலாம். வேண்டுவது வேறு, வற்புறுத்துவது வேறு.

'நீ யார்?' என்னும் கேள்வியை வாயிற்காவலன் எப்போது கேட்பது அறம், எப்போது கேட்பது அறமன்று என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழங்காலத்துக் கோட்டை வாயில்களைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று இது. நம் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நாள்தோறும் பலமுறை எழும் கேள்வியே இது.

இன்றைய வாயில்

இணையத்தில் இன்று அறிவைத் தரும் பக்கங்கள் பல, வெறும் எழுத்தாக அமையாமல் நம்மோடு உரையாடுவனவாக அமைகின்றன. நாம் ஒரு விவரம் கொடுத்தால் அது ஒரு விடை தரும். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக் கூறும் பக்கம், காப்பீட்டிற்குக் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் பக்கம், நம் குணநலன்களைக் கேள்விகளால் சோதித்துக் காட்டும் விளையாட்டு, காணாத ஊரின் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் படம் என இவை பலவகைப்படும். ஏட்டுச் சுவடியினும் இவை மனத்தைக் கவர்வன என்பதில் ஐயமில்லை.

இவற்றுள் பலவற்றிற்கு முன்னே ஒரு படிவம் நிற்கிறது. பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண், ஊர், தொழில் என்று கட்டங்கள். அவற்றை நிரப்பினாலன்றி விடை தெரியாது. வணிக உலகில் இவ்வாறு கிட்டும் ஒவ்வொரு பெயரையும் 'லீட்' என்று அழைக்கின்றனர். பொருளை வாங்கக்கூடியவர் என்று நம்பி, பின்தொடர்ந்து செல்வதற்குரிய ஒரு தடம் என்பது அதன் கருத்து. கேட்பவர் பார்வையில் நாம் விருந்தினர் அல்லர், தடம்.

படிவத்தை எங்கே நிறுத்துவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கத்திலேயே நிறுத்தினால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஆகவே முதலில் தடையின்றி உள்ளே விட்டு, பத்துக் கேள்விகளுக்கு விடையளிக்கச் செய்து, ஆவல் முற்றிய வேளையில், முடிவைக் காட்டுவதற்கு ஒரு கணம் முன்னே படிவத்தை நீட்டுவர். அதுவரை செலவழித்த நேரம் வீணாகிவிடுமே என்னும் எண்ணம், வந்தவரைத் திரும்ப விடாது. உழைப்பைப் பிணையாகப் பிடித்துக் கொண்டு பெயரைக் கேட்பது என்று இதனைச் சொல்லலாம்.

இதன் கடுமை எங்கே வெளிப்படுகிறது என்பதை நடுத்தரக் குடும்பத்தினர் நன்கு அறிவர். நீட் தேர்வோ, பொறியியல் நுழைவுத் தேர்வோ முடிந்த மறுநாள், பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு எந்தத் தரவரிசை கிட்டும், எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துச் சொல்லும் பக்கங்கள் பெருகுகின்றன. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் மகளுக்காக அத்தகைய பக்கமொன்றில் மதிப்பெண்ணை இட்டார். இட ஒதுக்கீட்டுப் பிரிவு, மாநிலம், விரும்பும் பாடம் அனைத்தையும் இட்டார். கடைசியில் தம் எண்ணும், மகளின் எண்ணும், ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண்ணும் கேட்கப்பட்டன. கொடுத்த பின் கிடைத்த விடையோ ஒரு வரி. அதுவும் உறுதியற்ற ஒரு வரி. அதன் பின்னர் வந்த அழைப்புகளோ மாதக்கணக்கில் நின்றபாடில்லை. அவர் கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்த கல்லூரிகளின் முகவர்கள் எல்லாம் அவர் மகளைப் பெயர் சொல்லி விசாரித்தனர். தேர்வில் அவள் பெற்ற மதிப்பெண் அவள் உறவினருக்குத் தெரியும் முன்னரே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அச்சமும் ஆவலும் மிகுந்திருக்கும் ஒரு வேளையில் தந்தையொருவர் தந்த இசைவு, இசைவுதானா? இதுவே நம் கேள்வியின் உயிர்நிலை.

சீட்டும் செப்பேடும்

இக்கேள்விக்கு விடை காண, நாம் வாழும் இக்கொச்சி நகரின் மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். அரண்மனையை அடுத்து அமைந்துள்ள ஜூ டவுன் தெருவின் முடிவில் பரதேசி சினகாக் என்னும் யூதத் தொழுகைக் கூடம் நிற்கிறது. 1568இல் எழுப்பப்பட்டது அது. அதன் மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரகாபி என்பவரால் கட்டப்பட்டது. தரையில் பதித்த நீலமும் வெண்மையுமான சீன ஓடுகள், கையால் வரையப்பட்டவை ஆதலின், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. 1968இல் நானூறாம் ஆண்டு விழா நடந்தபோது அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அதில் கலந்து கொண்டார். இன்று அத்தெருவில் யூதக் குடும்பங்கள் ஏறத்தாழ இல்லாமற் போய்விட்டன. ஆயினும் பார்க்க வருவோர் குறையவில்லை.

பார்க்க வருவோர் சிறு கட்டணம் செலுத்துகின்றனர், சீட்டுப் பெறுகின்றனர், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றனர். ஓடுகளையும் விளக்குகளையும் கண்டு வெளியே வருகின்றனர். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. சீட்டுக் கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் இடையே மறுநாள் எவ்வித உறவும் இல்லை.

தெருவின் இருபுறமும் உள்ள பழம்பொருள் கடைகளிலும் நறுமணப் பண்டக் கடைகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். 'வாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை' என்று கடைக்காரர்கள் அழைப்பார்கள். மிளகைக் கையில் தருவார்கள்; கசக்கி முகர்ந்து பார்க்கலாம். அவர்கள் அழைப்பதும் விற்பதற்காகத்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. வாங்காமல் போனால் சற்றே முகம் வாடும். விலை குறைத்துத் தருவதாகக் குரல் கொடுப்பார்கள். அக்குரல் தெருமுனை வரை வரும். வீடு வரை வராது.

அத்தொழுகைக் கூடத்தின் பெருஞ்செல்வம் ஓடுகள் அல்ல, செப்பேடுகள். கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில், முயிரிக்கோட்டில் தங்கியிருந்த சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளை அவை கூறுகின்றன. எழுத்து வட்டெழுத்து; மொழியோ தமிழ்ச் செவிக்கு அந்நியமன்று. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரண வாயில் ஆகியவை அவ்வுரிமைகளுட் சில. சுங்கம் முதலிய வரிகளிலிருந்து விலக்கும் உண்டு. இவை அவருக்கு மட்டுமல்லாமல் அவர் வழிவந்தோர்க்கும், உலகும் நிலவும் உள்ளளவும் உரியன. இதற்கு வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்ட தலைவர்கள் சாட்சி நின்றனர்.

அலுவலகக் கோப்புகளுடன் காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இச்செப்பேட்டில் வியப்பூட்டுவது அதன் தெளிவே. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், கொடுத்தது எது, எத்துணைக் காலத்திற்கு, அறிந்த சாட்சிகள் எவர் என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. முடிவில்லாத ஓர் உரிமையை ஒருவர்க்கு வழங்க வேண்டுமானால் அரசன் வேண்டும், செம்பு வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று அக்காலத்தார் எண்ணினர். ஓராயிரம் ஆண்டு கடந்து இன்று, கட்டமொன்றில் விரலால் தொட்டு இடும் ஒரு குறியே, முன்பின் அறியாத நிறுவனத்திற்குக் காலவரையற்ற உரிமையை வழங்கிவிடுகிறது. அவ்வுரிமையின் வரம்பு எங்கோ ஒரு நீண்ட அறிக்கையின் அடியில், படிக்க இயலாத சிற்றெழுத்தில் கிடக்கிறது.

விலை வேறு, உரிமை வேறு

சீட்டையும் செப்பேட்டையும் ஒன்றன் அருகே ஒன்றாக வைத்துப் பார்த்தால் நாம் தேடும் வேற்றுமை புலப்படும். சீட்டு ஒரு விலை, கொடுத்தால் தீர்ந்துவிடும். செப்பேடு ஓர் உரிமை. கொடுத்த பின்னரே தொடங்கும். கைப்பேசி எண்ணைக் கேட்கும் படிவம், சீட்டைப் போல் தோற்றம் தருகிறது. செப்பேட்டைப் போல் செயல்படுகிறது. கைப்பேசி எண் என்பது காசு அன்று. அது நம் வீட்டு வாயில். நாம் அவர்கள் வாயிலில் ஒருமுறை நுழைவதற்காக, அவர்கள் நம் வாயிலில் எத்தனை முறையும் நுழையலாம் என்று எழுதிக் கொடுக்கிறோம். உணவு வேளையில், உறக்கத்தில், ஈமக் கடனின் நடுவில் ஒலிக்கும் அழைப்பு அந்த எழுத்தின் பயன்.

இங்கே எதிர்தரப்பினர் கூறுவதையும் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். 'கணக்கிட்டுச் சொல்லும் அப்பக்கத்தை அமைக்கப் பொருட்செலவு ஆகிறது, உழைப்புத் தேவைப்படுகிறது. காசு வாங்காமல் தருகிறோம். அதற்குப் பதிலாக ஒரு பெயரைக் கேட்பதில் என்ன குற்றம்? விருப்பம் இல்லாதவர் போகலாமே' என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. உழைத்தவன் கூலி கேட்பது குற்றமாகாது. பெயர் கேட்பதே தீது என்று கூறுவாரும் இலர்.

நம் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டபோது, முன்னதாகவே பலரிடம் கையொப்பம் பெற்றார். அக்காலத்தில் நூல் பதிப்பிப்போர் பலரும் மேற்கொண்ட முறை அது. நூல் வெளிவரும் முன்னரே, வாங்குவதாக ஒப்புக்கொண்டு பெயரெழுதித் தருவது கையொப்பம். அதுவும் பெயர்ப் பட்டியல்தான். ஆனால் கையொப்பமிட்டவர் எதற்காகப் பெயர் தருகிறோம் என்பதை நன்கறிவார். நூல் வந்தது, பணம் சென்றது, பட்டியலின் பணி முடிந்தது. அப்பட்டியலை எவரும் எண்ணெய் வணிகரிடமோ துணி வணிகரிடமோ விற்கவில்லை.

எனவே குற்றம் பெயரைக் கேட்பதில் இல்லை. விலையை விலை என்று கூறாததில் இருக்கிறது. 'இலவசம்' என்று முகப்பில் எழுதி, உள்ளே காலவரையற்ற உரிமையைக் கேட்பது, நிறுக்கும் தராசில் விரலை வைப்பதற்கு ஒப்பாகும். 'இதன் விலை ஐம்பது ரூபாய்' என்று சொல்லும் வணிகன் இவனினும் அறவோன். அவனிடம் நாம் பேரம் பேசலாம், மறுக்கலாம், கொடுத்துவிட்டு மறக்கவும் செய்யலாம்.

யார் நலம் கருதிய கேள்வி?

வாயிலில் எழும் கேள்விகள் எல்லாம் தீயன என்று கருதுதல் தவறு. கேரளத்தில் ஓர் அரிய வழக்கம் இருந்தது. இரவில் படிப்புரையைச் சாத்து முன்னர், பழைய தறவாடுகளிலும் வைக்கம் முதலிய கோயில்களிலும் ஒருவர் வாயிலில் நின்று, 'அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ?' என்று உரக்கக் கேட்பார். இரவு உணவு கிட்டாமல் பசித்திருப்பவர் எவரேனும் உளரோ என்பது அதன் பொருள். அதுவும் வாயிலில் நின்று கேட்ட கேள்விதான். ஆயின் அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. வருபவனின் தேவை மட்டுமே அக்கேள்வியின் பொருள்.

அதே வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பகலில் வேறொரு கேள்வி நின்றது. 'நீ எந்தக் குலம்?' என்பது அது. அதற்கு விடை கூற இயலாதோர் அத்தெருவில் நடக்கலாகாது. 1924 மார்ச் 30ஆம் நாள் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம் அக்கேள்வியை எதிர்த்து எழுந்தது. தந்தை பெரியார் தமிழகத்திலிருந்து சென்று அதனை முன்னின்று நடத்திச் சிறைப்பட்டதை நாம் அறிவோம். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் அரசின் கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவந்த பின்னரே கோயில் வாயிலிலும் அக்கேள்வி ஓய்ந்தது. ஒரே ஊர், இரு கேள்விகள். ஒன்று வருபவன் வயிற்றைக் கருதிற்று. மற்றொன்று நிற்பவன் மேன்மையைக் கருதிற்று.

ஜூ டவுன் தொழுகைக் கூடமும் இவ்வரலாற்றுக்கு விலக்கன்று. வெளிநாட்டு மரபினர் என்று தம்மைக் கருதிக் கொண்டோர், அடிமைப்பட்டிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்த யூதரை உள்ளே சமமாக அமர விடவில்லை. அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் ஏ. பி. சேலம். 1882இல் பிறந்து, வழக்கறிஞராகி, கொச்சிச் சட்டமன்றத்திலும் இடம் பெற்றவர். சட்டமன்றத்தில் அமர இடம் பெற்றவர்க்குத் தொழுகைக் கூடத்தில் அமர இடமில்லை! அவர் காந்தியடிகளின் வழியில் அறப்போர் நிகழ்த்தினார். 'யூத காந்தி' என்னும் பெயரும் பெற்றார். காலப்போக்கில் தடைகள் தளர்ந்தன. ஒரு காலத்தில் அரசன் தோரண வாயில் வைக்கும் உரிமையை ஈந்த மக்களின் வாயிலிலேயே, தம்முள் ஒருவரைப் 'பிறப்பால் நீ யார்?' என்று கேட்டு நிறுத்திய வாயிற்காவலும் நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

கைப்பேசி எண் கேட்கும் படிவத்தையும் சாதி கேட்ட கொடுமையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒன்று மானத்தை அழித்தது. மற்றொன்று அமைதியைக் குலைக்கிறது. இரண்டையும் அளப்பதற்கான அளவுகோல் மட்டும் ஒன்றே. வாயிலில் எழும் கேள்வி வருபவன் நலத்திற்காகவா, நிற்பவன் நலத்திற்காகவா? மருத்துவர் நம் வயதைக் கேட்பது நம் நலத்திற்கு. நூலகம் நம் முகவரியைக் கேட்பது, கொண்டு சென்ற நூல் திரும்பி வந்து அடுத்தவர்க்குப் பயன்படுவதற்கு. தவணைத் தொகையைக் கணக்கிட நம் எண் எதற்கு? கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் கைப்பேசி எண் தேவையில்லை.

சட்டம் வகுத்த வரம்பு

அறிவின் வாயிலில் எவ்வாறு நடந்து கொள்ள வேண்டும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமொன்றே சிறந்த முன்மாதிரியாக விளங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் ஆறாம் பிரிவு, விண்ணப்பிப்பவரிடம் காரணம் கேட்கலாகாது என்கிறது. விடையை அனுப்புவதற்குத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரம் எதுவும் கேட்கலாகாது என்றும் கூறுகிறது. மத்திய அரசு அலுவலகங்களில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்கு அதுவும் இல்லை. 'இதை ஏன் கேட்கிறீர்?' என்று வினவும் பழக்கத்தில் ஊறிய அலுவலக மேசைகளுக்கு இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை மேசைக்கு இப்புறம் அமர்ந்திருப்போர் அறிவர். அரசே தன் வாயிலில் கேள்வியைக் குறைத்துக் கொண்ட பின், கடன் கணக்குக் காட்டும் ஒரு பக்கம் நம் பிறந்த நாளைக் கேட்பது முறையாகுமா?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியே 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பதற்கு இலக்கணம் வகுத்தது. இசைவு தன்னிச்சையானதாகவும், குறித்த நோக்கத்திற்கு உரியதாகவும், விவரம் அறிந்து அளித்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும். அந்நோக்கத்திற்குத் தேவையான விவரத்தோடு அது நின்றுவிடும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே எளிதாக இருத்தல் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தவை. கடைகளில் பொருள் வாங்குவோரிடம் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியதும், அதே ஆண்டு நவம்பரில் இணைய வணிகத்தின் பதின்மூன்று வஞ்சக வடிவங்களைத் தடுக்கும் நெறிமுறைகள் வெளிவந்ததும் இவ்வழியிலேயே அமைந்தன.

சட்டம் வேலி போடும், பயிரை வளர்க்காது. தட்டிய குறி தன்னிச்சையானதா, ஆவலின் பிடியில் தட்டியதா என்பதை எந்த நீதிமன்றமும் ஒவ்வொரு முறையும் வந்து பார்க்க முடியாது. வாயிலை அமைப்பவன் மனச்சான்றே அங்குக் காவல்.

பொய் பழக்கும் வாயில்

இன்னொரு தீங்கும் உண்டு. அது கேட்பவனையும் கெடுக்கிறது, விடையளிப்பவனையும் கெடுக்கிறது. வற்புறுத்திப் பெயர் கேட்கும் வாயிலில் மக்கள் பொய்ப் பெயர் கூறப் பழகுகின்றனர். பத்து இலக்கங்களையும் ஒன்பதாகவே இட்டு நிரப்புவோர் பலர். பிறர்க்குக் குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வள்ளுவர் முற்றிலும் விலக்கவில்லை என்பதை அறிவோம். இங்கே எவர்க்கும் நன்மை இல்லை. தொல்லையிலிருந்து தப்புவதற்கு மட்டுமே பொய். பிள்ளைகளின் கண்ணெதிரே நாம் இதைச் செய்கிறோம். படிவம் என்பது பொய் எழுதுவதற்கு உரிய இடம் என்று அவர்கள் கற்றுக் கொள்கின்றனர்.

உண்மையையே எழுதுவோர்க்கும் ஓர் இடர் இருக்கிறது. 2018இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா விவகாரத்தை நினைவு கூர்வோம். குணநலன் சோதிக்கும் ஒரு வினாத் தொகுப்பை முகநூல் வழியே நிரப்பியோர் உலகெங்கும் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்கள் வழியாக விவரம் சென்றிருக்கக் கூடியவர்களோ 8 கோடியே 70 லட்சம் பேர் வரை என்று முகநூல் நிறுவனமே கூறிற்று. இந்தியாவில் அதனை நிறுவியவர் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர் 5,62,455 பேர். ஒருவன் திறந்த வாயில் வழியே அயலார் வீடுகளிலும் நுழைய முடிந்தது. நண்பரின் மகள் அழைக்கப்பட்டதும் இவ்வாறே அல்லவா? வாயிலைத் திறந்தவர் தந்தை. அமைதி இழந்தவள் மகள்.

வாயில் அடைக்காத மரபு

'எல்லாவற்றையும் திறந்து வைத்தால் யார்தான் பிழைப்பர்?' என்று கேட்பார்க்கு நம் மொழியே விடை வைத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தமிழர்கள் தம் ஓய்வு நேரத்தில் தட்டச்சிட்டும் மெய்ப்புத் திருத்தியும் தந்த தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. எவர் வேண்டுமாயினும் எடுக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. இலையில் அமர்ந்தவரிடம் அங்கு யாரும் படிவத்தை நீட்டியதில்லை.

இவை கொடையின் வழி. வணிகத்தின் வழி அன்று என்பர். உண்மையே. வணிகனை வள்ளலாராகுமாறு நாம் கேட்கவில்லை. ஜூ டவுன் மிளகுக் கடைக்காரர் போல் இருந்தால் போதும் என்கிறோம். அதற்கு மூன்று நெறிகள் போதுமானவை.

முதலாவது, விலையை முகப்பிலேயே சொல்லுதல். எண் வேண்டுமெனில் முதல் கேள்விக்கு முன்னரே, அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்யப்படும், யாருக்குத் தரப்படும், எத்துணைக் காலம் வைக்கப்படும் என்று செப்பேட்டின் தெளிவோடு எழுதுதல். இரண்டாவது, கேட்பது கொடுப்பதற்கு ஏற்ற அளவில் இருத்தல். ஒரு வரி விடைக்கு ஒரு குடும்பத்தின் விவரம் விலையாகாது. மூன்றாவது, மறுப்பவர்க்கும் ஏதேனும் கிட்டுதல். மறுத்தமைக்காக அவரை இகழாமை. வாயில் மறுத்த தலைவியை நம் இலக்கணம் பழிக்கவில்லை என்பதை மீண்டும் நினைவில் கொள்க.

படிவத்தை உள்வாயிலிலிருந்து எடுத்து வெளிவாயிலில் வைத்துப் பார்த்தால் என்ன? அருங்காட்சியகங்களில் பார்வையாளர் பதிவேடு, பார்த்து முடித்து வெளியேறும் இடத்தில் விரித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். விரும்பியோர் பெயரும் ஊரும் எழுதிப் பாராட்டும் குறையும் குறித்துச் செல்வர். அங்கே எழுதப்படும் பெயர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆயின் அவை உண்மைப் பெயர்கள். பயன் பெற்றவன் தானாகத் தந்த ஒரு பெயர், பிணையில் பிடித்து வாங்கிய நூறு பெயர்களினும் வணிகனுக்கே மிகுந்த பயன் தரும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. கேட்டவுடன் எண்ணைக் கொடுக்கும் கையைச் சற்றே நிறுத்தி, 'எதற்கு?' என்று கேட்கப் பழக வேண்டும். சங்கப் புலவர் ஔவையார், அதியமானின் பரிசில் தாழ்த்தபோது, வாயிற்காவலனை விளித்துத் தம் மதிப்பை எடுத்துரைத்துத் திரும்பிச் செல்லத் துணிந்ததைப் புறநானூறு காட்டுகிறது. எத்திசை சென்றாலும் தமக்குச் சோறு உண்டு என்ற துணிவு அது. அறிவுக்கும் அவ்வாறே பல வாயில்கள் உண்டு. ஒன்று நம் வீட்டுத் திறவுகோலைக் கேட்குமாயின், மற்றொன்றை நாடிச் செல்லலாம்.

'நீ யார்?' என்பது அன்புடன் கேட்டால் உறவின் தொடக்கம். ஆதாயத்துடன் கேட்டால் கண்ணியின் தொடக்கம். எது எது என்று அறிவதற்கு நம் முன்னோர் விட்டுச் சென்ற குரல் இன்றும் உதவும். இருளில் வாயிலில் நின்று, முகம் தெரியாதவனை நோக்கி, பெயர் கேளாமல், 'பசித்தவர் உண்டோ?' என்று கேட்ட குரல் அது. நம் காலத்து வாயில்களும் அக்குரலைக் கற்றுக் கொள்ளட்டும்.